மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன்: தேடிய செல்வமும் தந்த செல்வமும்

அரசர்கள் திரட்டிய கலைச்செல்வம் அரண்மனைக்குள் இருந்தது. செல்வர்கள் திரட்டியது அவர்தம் மாளிகைக்குள் இருந்தது. கற்றவரும் கல்லாதவரும், உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் கட்டணமின்றிக் கண்டு பயன்பெற வேண்டும் என்னும் நோக்குடன் ஒரு நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அருங்காட்சியகம் அமைத்தது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். இலண்டன் மாநகரின் பிரித்தானிய அருங்காட்சியகம் அவ்வாறு தோன்றியது. அதற்கு வித்திட்டவர் அரசரும் அல்லர், அமைச்சரும் அல்லர். நாடி பார்த்துப் பொருள் ஈட்டிய மருத்துவர் ஒருவரே அவ்வித்தினை இட்டார். சர் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் அம்மருத்துவரின் வாழ்க்கை, கொடையின் பெருமையையும் அக்கொடைக்குப் பொருள் வந்த வழியின் இருளையும் ஒருசேரக் காட்டுவதாகும்.

இளமையும் கல்வியும்

அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் மாவட்டத்தைச் சேர்ந்த கில்லிலே என்னும் சிற்றூரில் 1660ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் ஸ்லோன் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் ஸ்லோன், அவ்வட்டாரப் பிரபு குடும்பத்தின் நில அலுவல்களைக் கவனித்து வந்தவர். ஹான்ஸ் அவருடைய ஏழாவது மகன். ஆறு வயதிலேயே தந்தையை இழந்த அச்சிறுவன், பெருநிலக்கிழாரின் மாளிகை நூலகமும் கடற்கரையும் தந்த அறிவினைப் பற்றிக்கொண்டு வளர்ந்தான். செடிகொடிகளின் மேலும் பறவை முட்டைகளின் மேலும் கொண்ட ஈடுபாடு அப்பருவத்திலேயே தொடங்கிவிட்டது.

பதினாறாம் வயதில் கொடிய நோய் ஒன்று அவரைப் பற்றியது. வாயில் குருதி வரக்கண்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேர்ந்தது. அந்நோயிலிருந்து மீண்ட பின் உணவிலும் குடியிலும் கடுமையான கட்டுப்பாட்டினை வாழ்நாள் முழுவதும் மேற்கொண்டார். இளமையில் சாவின் வாயிலைக் கண்டவர் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது வியப்புக்குரியது.

1679இல் இலண்டன் சென்று வேதியியலும் தாவரவியலும் பயின்றார். செல்சி என்னும் இடத்தில் மருந்தாளுநர் சங்கத்தார் அமைத்திருந்த மூலிகைத் தோட்டம் அவருக்குப் பள்ளியாயிற்று. வேதியியல் அறிஞர் இராபர்ட் பாயிலும் தாவரவியல் அறிஞர் ஜான் ரேயும் அவருக்கு நண்பர்களாயினர். 1683இல் பிரான்சு சென்று பாரிசிலும் மான்பெலியேயிலும் கற்றார். அவர் சீர்திருத்தக் கிறித்தவ மரபினராதலின், அம்மரபினர்க்கும் பட்டம் வழங்கிய ஆரஞ்சு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இலண்டன் திரும்பியபின் அக்காலத்தின் தலைசிறந்த மருத்துவரான தாமஸ் சிடன்ஹாமின் அரவணைப்பு அவருக்குக் கிட்டியது. நூலறிவினும் நோயாளியின் படுக்கையருகே பெறும் அறிவே மேலானது என்னும் சிடன்ஹாமின் கொள்கை அவர் உள்ளத்தில் ஊன்றியது. 1685இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், 1687இல் மருத்துவர் கல்லூரியின் உறுப்பினராகவும் ஆனார்.

கடல் கடந்த பதினைந்து திங்கள்

1687இல் ஸ்லோனின் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஜமைக்காத் தீவின் ஆளுநராக அமர்த்தப்பெற்ற ஆல்பமார்ல் கோமகன், தம் குடும்ப மருத்துவராக அவரை அழைத்துச் சென்றார். கோமகன் அடுத்த ஆண்டே இறந்துவிட்டமையால் ஸ்லோன் அத்தீவில் தங்கிய காலம் பதினைந்து திங்களே. அக்குறுகிய காலத்தில் ஏறத்தாழ எண்ணூறு வகைத் தாவரங்களை அவர் உலர்த்தித் தாளில் பதித்தார். மீன்கள், பறவைகள், பூச்சிகள், சிப்பிகள் ஆகியவற்றையும் திரட்டினார். உயிருடன் கொண்டுவர முயன்ற பாம்பும் உடும்பும் முதலையும் வழியிலேயே மடிந்தன. உலர்ந்த செடிகள் மட்டும் 1689இல் பழுதின்றி இலண்டன் வந்து சேர்ந்தன.

இப்பயணத்தின் பயனாக 1696இல் இலத்தீன் மொழியில் ஒரு தாவரப் பட்டியலும், 1707, 1725 ஆகிய ஆண்டுகளில் ஜமைக்காவின் இயற்கை வரலாற்றை இரு பெருந்தொகுதிகளாகவும் அவர் வெளியிட்டார். அந்நூலில் செடிகொடிகளுக்கு அப்பாலும் செய்திகள் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட அடிமைகள் விழாவொன்றில் பாடிய இசையினை இசையறிந்த ஒருவரைக்கொண்டு குறியீடுகளாக எழுதுவித்து அதில் அச்சிட்டார். அமெரிக்கப் பகுதியில் ஆப்பிரிக்க இசை எழுத்தில் பதிவானவற்றுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று அது. அதே நூலில், அடிமைகளுக்கு வழங்கப்பட்ட கொடுந்தண்டனைகளையும் அவர் விவரித்தார். மூலிகையின் இலையையும் வேரையும் விவரிக்கும் அதே அமைதியான நடையில் மனிதரின் வதையும் அங்கு விவரிக்கப்பட்டது. கண்டதைப் பிழையின்றி எழுதும் கண் அவருக்கு இருந்தது. கண்டதற்காக வருந்தும் சொல் அந்நூலில் அரிது.

மருத்துவத் தொழிலும் செல்வப் பெருக்கும்

இலண்டனின் புளூம்ஸ்பரி பகுதியில் ஸ்லோன் தொடங்கிய மருத்துவப் பணி விரைவில் செழித்தது. செல்வர்களும் பிரபுக்களும் அவரை நாடினர். ஆன் அரசியார், முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் ஆகிய மூவர்க்கும் அவர் மருத்துவம் செய்தார். 1716இல் பரோனெட் என்னும் பட்டத்தை அரசர் அவருக்கு வழங்கினார். 1719 முதல் 1735 வரை மருத்துவர் கல்லூரியின் தலைவராகவும், நியூட்டனை அடுத்து 1727 முதல் 1741 வரை அரச கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். முன்னதாக 1693 முதல் இருபதாண்டுகள் அக்கழகத்தின் செயலராக இருந்து, நின்றுபோயிருந்த அதன் ஆய்விதழை மீண்டும் உயிர்ப்பித்தவரும் அவரே.

செல்வர்க்கு மருத்துவம் செய்து பொருள் பெற்ற ஸ்லோன், வறியவர்க்குக் காலை வேளைகளில் கட்டணமின்றி மருத்துவம் செய்தார். ஏழைச் சிறார் பயின்ற கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் நிறுவனத்தில் 1694 முதல் 1730 வரை மருத்துவராகப் பணியாற்றியபோது தமக்குரிய ஊதியத்தை அந்நிறுவனத்துக்கே திருப்பி அளித்தார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1739இல் இலண்டனில் இல்லம் ஒன்று நிறுவப்பட்டபோது அதன் தொடக்க ஆட்சியாளர் குழுவில் இடம்பெற்றார். அக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே ஏற்றது என அவர் வற்புறுத்தியது அக்கால மருத்துவத்தில் குறிப்பிடத்தக்க கருத்தாகும்.

அம்மைநோய்க்கு எதிரான அம்மைப்பால் குத்தும் முறை துருக்கி நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு அறிமுகமானபோது, அதனை ஆராய்ந்து ஆதரித்த மருத்துவர்களுள் ஸ்லோன் முதன்மையானவர். 1721இல் நியூகேட் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த அறுவர், விடுதலை தரப்படும் என்னும் உறுதியின்பேரில் அச்சோதனைக்கு உடன்பட்டனர். அறுவரும் பிழைத்து விடுதலை பெற்றனர். அடுத்த ஆண்டு அரச குடும்பத்தின் இளவரசியர் இருவருக்கு அம்முறை கையாளப்பட்டது. முதலில் துன்பத்தை ஏற்றவர்கள் கைதிகள். பின்னர்ப் பாதுகாப்புப் பெற்றவர்கள் இளவரசியர். அந்நூற்றாண்டின் அறிவு நடந்த வழி அதுவே.

ஸ்லோனின் செல்வத்துக்கு மருத்துவம் ஒன்றே ஊற்றன்று. 1695இல் அவர் எலிசபெத் லாங்லி என்னும் அம்மையாரை மணந்தார். ஜமைக்காவில் பெருந்தோட்டங்களுக்கு உரிமையாளராக இருந்த மருத்துவர் ஃபுல்க் ரோசின் கைம்பெண் அவர். ரோசின் தோட்டங்களின் வருவாயில் மூன்றிலொரு பங்கு அவ்வம்மையார் வழியாக ஸ்லோனின் குடும்பத்தை வந்தடைந்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பின் வருவாய் அது. அரண்மனை தந்த பொன்னும் கரும்புத் தோட்டம் தந்த பொன்னும் ஒரே பேழையில் சேர்ந்தன. அப்பேழையிலிருந்தே அருங்கலைப் பொருள்கள் வாங்கப்பட்டன.

திரட்டிய களஞ்சியம்

ஸ்லோன் தாமே தேடிச் சேர்த்தவற்றினும் பிறரிடமிருந்து பெற்றவை மிகுதி. வில்லியம் கோர்ட்டன் என்னும் நண்பர் 1702இல் இறந்தபோது தம் பெருந்தொகுப்பினை அவருக்கு விட்டுச்சென்றார். மருந்தாளுநர் ஜேம்ஸ் பெட்டிவர் 1718இல் மறைந்தபின் அவருடைய தாவரங்களும் பூச்சிகளும் ஸ்லோனிடம் வந்தன. ஜப்பானில் தங்கியிருந்த செருமானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ஃபரின் கையெழுத்துப் படிகளை வாங்கி, அவருடைய ஜப்பானிய வரலாற்றினை ஆங்கிலத்தில் பெயர்ப்பித்து 1727இல் வெளிவரச் செய்தார். வாங்கிய ஏட்டினைப் பேழையில் பூட்டி வைக்காமல் உலகறியச் செய்த செயல் அது.

கலைப்பொருள்களுள் செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் வரைபடத் தொகுப்பு தலைசிறந்தது. தென் அமெரிக்காவின் சுரினாமுக்குச் சென்று பூச்சிகளையும் பூக்களையும் தீட்டிய மரியா சிபில்லா மெரியன் அம்மையாரின் நீர்வண்ண ஓவியங்களும் அவரிடம் இருந்தன. ஏறத்தாழ 32,000 நாணயங்களும் பதக்கங்களும், ஐம்பதினாயிரத்தை நெருங்கிய நூல்களும் ஏடுகளும், முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகக் கட்டப்பட்ட உலர்தாவரங்களும், சிறு பேழைகளில் அடைக்கப்பட்ட 12,000க்கும் மேற்பட்ட விதைகளும் கனிகளும் பட்டைகளும் சேர்ந்திருந்தன. இவை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, வந்த வழியைக் குறித்துப் பட்டியல் எழுதியமையே அவரைப் பிற சேகரிப்பாளரினின்று வேறுபடுத்துகிறது. பெரும்பாலான குறிப்புகள் அவர்தம் கையெழுத்திலேயே அமைந்தவை. பட்டியல் இல்லாத களஞ்சியம் குவியலாகும். பட்டியல் உடையதே கல்விக்குப் பயன்படும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவர் இல்லம் அறிஞர்க்குத் திறந்திருந்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1736இல் வந்து கண்டார். அச்சுத் தொழிலாளியாக இலண்டனில் இருந்த இளைஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1725இல் கல்நாரால் ஆன பணப்பை ஒன்றை அவருக்கு விற்றார். பெருந்தோட்டத்தில் அடிமையாகத் துன்புற்று மீண்ட அயூபா சுலைமான் தியாலோ என்னும் ஆப்பிரிக்க அறிஞர், 1730களில் இலண்டனில் தங்கியிருந்தபோது ஸ்லோனிடம் இருந்த அரபு எழுத்துகளைப் படித்துப் பொருள் கூறினார். ஒருபுறம் அடிமைத் தோட்டத்தின் வருவாய். மறுபுறம் அடிமைத்தளையினின்று மீண்ட ஒருவரின் புலமைக்கு இருக்கையிட்ட மேசை. இவ்விரண்டும் ஒரே இல்லத்தில் இருந்தன.

1712இல் செல்சிப் பண்ணையை விலைக்கு வாங்கிய ஸ்லோன், இளமையில் தாம் பயின்ற மூலிகைத் தோட்டத்தை மறக்கவில்லை. பொருள் முட்டுப்பாட்டில் இருந்த மருந்தாளுநர் சங்கத்துக்கு 1722இல் அந்நிலத்தை ஆண்டுக்கு ஐந்து பவுண்டு வாடகையில் என்றென்றைக்கும் உரிமையாக்கினார். அத்தோட்டம் என்றும் மூலிகைத் தோட்டமாகவே இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஐம்பது தாவரங்கள் உலர்த்தப்பட்டு அரச கழகத்துக்கு அளிக்கப்படுதல் வேண்டும். இவையே அவர் விதித்த நிபந்தனைகள். கொடை வழங்கும்போதே அது கல்விக்குப் பயன்படும் வழியையும் வகுத்துவிடுவது அவர் இயல்பு.

சென்னையிலிருந்து சென்ற செடிகள்

ஸ்லோனின் களஞ்சியத்தில் தமிழ் மண்ணுக்கும் இடம் உண்டு. 1690களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்தவர் சாமுவேல் பிரவுன். அவரும், அவருக்குப்பின் அப்பணியில் இருந்த எட்வர்டு பல்க்லியும் சென்னையைச் சுற்றிய ஊர்களில் செடிகொடிகளைத் திரட்டி உலர்த்தி இலண்டனுக்கு அனுப்பினர். பெட்டிவர் அவற்றை ஆராய்ந்து அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அவ்விதழுக்குச் செயலராய் இருந்தவர் ஸ்லோன். பின்னர்ப் பெட்டிவரின் தொகுப்போடு சென்னைச் செடிகளும் அவரிடம் வந்து சேர்ந்தன; இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவை காக்கப்பெற்று வருகின்றன.

அச்செடிகளோடு ஊர்மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர்களும் ஐரோப்பியர் அக்காலத்தில் வழங்கிய மலபார் மொழி என்னும் குறிப்புடன் உரோமன் எழுத்துகளில் இலண்டன் சென்றன. வீரமாமுனிவர் தமிழகம் வருவதற்கு முன்பே, நாட்டு மருத்துவரும் தோட்டக்காரரும் வழங்கிய தமிழ்ச் சொற்கள் இலண்டன் ஆய்விதழில் அச்சேறின என்பது தமிழ்ச் சொல்லாராய்ச்சி செய்வோர் கருதத்தக்கது. செடியை அனுப்பியவர் பெயர் பட்டியலில் உள்ளது. அதனை அச்சிட்டவர் பெயர் உள்ளது. வாங்கியவர் பெயர் உள்ளது. இச்செடி இன்ன நோய்க்கு மருந்தாகும் என்று சொல்லித் தந்த தமிழரின் பெயர்களுக்கு அவ்வரிசையில் இடம் கிடைக்கவில்லை.

உயிலும் நாடாளுமன்றமும்

1724இல் துணைவியாரை இழந்த ஸ்லோனுக்கு இரு மகளிர் இருந்தனர். 1742இல் தம் களஞ்சியம் முழுவதையும் புளூம்ஸ்பரியிலிருந்து செல்சி மாளிகைக்கு மாற்றி அங்கே முதுமையைக் கழித்தார். வாழ்நாள் முழுவதும் சேர்த்தது தமக்குப்பின் சிதறிவிடுமோ என்னும் கவலை அவரை வாட்டியது. அவர் காலத்தில் எத்தனையோ பெருந்தொகுப்புகள் உரியவர் மறைந்ததும் ஏலத்தில் பிரிந்தன. அவரே அவ்வாறு பிரிந்தவற்றை வாங்கியவர். ஆதலின் அந்நிலையை நன்கறிந்தவர்.

எனவே, தம் தொகுப்பு முழுவதும் பிரிக்கப்படாமல் ஓரிடத்தில் காக்கப்பட வேண்டும் எனவும், 20,000 பவுண்டு தம் மகளிர்க்கு வழங்கப்படுமாயின் நாட்டுக்கு அது உரியதாகும் எனவும் உயில் எழுதினார். அதன் மதிப்பு 80,000 பவுண்டுக்கும் மேல் எனக் கருதப்பட்டது. இங்கிலாந்து மறுக்குமாயின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிசு, பெர்லின், மாட்ரிட் ஆகிய நகரங்களின் கழகங்களுக்கு அது அளிக்கப்பட வேண்டும் என்றும் குறித்திருந்தார். அறிவுச்செல்வம் தம் நாட்டில் நிலைக்க வேண்டும் என விரும்பினார். நிலைக்காவிடில் அறிவை மதிக்கும் எந்நாடும் தம் நாடே எனக் கருதினார்.

1753 ஜனவரி 11ஆம் நாள் ஸ்லோன் மறைந்தார். அவர் உடல் செல்சிப் பழைய தேவாலயத்தில் துணைவியாரின் உடலருகே அடக்கம் செய்யப்பட்டது. அரசர் இரண்டாம் ஜார்ஜ் இத்திட்டத்தில் ஆர்வம் காட்டவில்லை. ஆயினும் உயிலைச் செயற்படுத்தும் பொறுப்பேற்றோரின் முயற்சியால் நாடாளுமன்றம் இசைந்தது. 1753 ஜூன் 7ஆம் நாள் பிரித்தானிய அருங்காட்சியகச் சட்டம் நிறைவேறியது. காட்டன், ஹார்லி ஆகிய குடும்பத்தாரின் ஏட்டுத் தொகுப்புகளும் இதனோடு இணைக்கப்பட்டன. பொருள் திரட்ட அரசு பரிசுச்சீட்டு முறையை நாடியது. மூன்று பவுண்டு விலையில் ஓரிலக்கம் சீட்டுகள் வெளியிடப்பட்டன. சீட்டு விற்பனையில் ஊழல் நிகழ்ந்து பெரும் பழிக்கு இடமாயிற்று எனினும், செலவும் பரிசும் போக 95,000 பவுண்டுக்கு மேல் எஞ்சியது. அப்பணத்தில் புளூம்ஸ்பரியில் மாண்டேகு மாளிகை வாங்கப்பட்டது. 1759 ஜனவரி 15ஆம் நாள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கட்டணம் இல்லையெனினும் வாயில் அகலத் திறக்கவில்லை. எழுத்து வடிவில் முன்னரே விண்ணப்பித்து, அனுமதிச்சீட்டுப் பெற்று, சிறு குழுவாக அழைத்துச் செல்லப்பட்டே மக்கள் அதனைக் காண இயன்றது. உழைக்கும் மக்களுக்கு அது எளிதாக இல்லை. சட்டத்தில் எழுதப்பட்ட பொதுமை வாயிற்படிக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. ஆனால் உரிமை எழுத்தில் இருந்தமையால் அதனைக் கேட்கும் வழியும் மக்களுக்கு இருந்தது.

கொடையின் ஒளியும் நிழலும்

ஸ்லோன் தந்த ஒரு களஞ்சியம் பின்னர் மூன்று பெரும் நிறுவனங்களாகக் கிளைத்தது. இயற்கைப் பொருள்கள் 1881இல் சவுத் கென்சிங்டனில் தனி அருங்காட்சியகம் கண்டன. நூல்களும் ஏடுகளும் 1973இல் உருவான பிரித்தானிய நூலகத்தைச் சார்ந்தன. கலைப்பொருள்களும் தொல்பொருள்களும் பழைய இடத்திலேயே நிலைத்தன. அவர் விதைத்த நூலகம் வளர்ந்ததன் பயன் தமிழுக்கும் கிட்டியது. அங்குச் சேர்ந்த தமிழ் அச்சு நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்து, தமிழ்நூல் வரலாற்றாய்வாளர்க்குப் பெருந்துணையாயிற்று.

அவர் திரட்டியவற்றுள் மரத்தால் ஆன முரசு ஒன்று உள்ளது. வர்ஜீனியாவிலிருந்து வந்த அதனை அமெரிக்கப் பழங்குடியினரின் முரசு என்று அவருடைய பட்டியல் குறித்தது. பிற்கால ஆய்வு அம்மரம் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது எனவும், முரசு அக்கான் மக்களுடையது எனவும் காட்டியது. அடிமைக் கப்பலில் கடல் கடந்த முரசு அது. அம்மக்களின் உழைப்பால் விளைந்த பொருளுக்குப் பட்டியல் இருந்தது. அவர்களின் இசைக்கருவிக்கோ சரியான பெயர்கூட வாய்க்கவில்லை. பிழையைக் கண்டறிந்து திருத்த இயன்றதற்குக் காரணம், அப்பொருள் அழியாமல் காக்கப்பட்டு ஆய்வாளர் கைக்கு எட்டியதே என்பதும் உண்மையாகும்.

2020இல் பிரித்தானிய அருங்காட்சியகம், சிற்பி ரைஸ்பிராக் வடித்த ஸ்லோனின் மார்பளவுச் சிலையை அது வீற்றிருந்த பீடத்தினின்று அகற்றி, அவர்தம் செல்வத்துக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்பினை விளக்கும் காட்சிப் பேழையுள் வைத்தது. நன்றி மறந்த செயல் என வருந்தியோரும் காலந்தாழ்ந்த நேர்மை எனப் போற்றியோரும் உளர். எண்ணிடாமலும் வந்த வழியைக் குறிக்காமலும் எப்பொருளையும் பேழையில் வைக்காதவர் ஸ்லோன். அவர் உருவச்சிலைக்கும் வந்த வழியைக் குறித்துவைத்தது அவருடைய முறையினையே அவர்மேல் செலுத்தியதாகும்.

ஈகை என்பது தேடிய வழியின் குற்றத்தைத் துடைத்துவிடாது. தேடிய வழியின் குற்றமும் ஈகையின் பயனை இல்லையாக்கிவிடாது. தம் மகளிர்க்கெனப் பெரும்பங்கினை ஒதுக்காமல், ஏலத்தில் பிரித்து விற்காமல், அறிவை நாடுவோர் அனைவர்க்கும் உரியதாகத் தம் களஞ்சியத்தை விட்டுச்சென்ற மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் ஒப்புரவு பெரிது. அக்களஞ்சியத்தைத் தம் உழைப்பாலும் அறிவாலும் நிரப்பிய ஜமைக்காத் தோட்டத்து அடிமைகளும், சென்னையில் செடிக்குப் பெயர் சொன்ன தமிழரும் அக்கொடையில் பங்குடையோரே. அவர் பெயரைச் சொல்லும்போது அவர்களையும் நினைப்பதே அவ்வரலாற்றை முழுமையாக அறிந்ததற்கு அடையாளமாகும்.